ஏலம் அண்ணன் பேசி ஆடிய ஆட்டம்

புதுச்சேரியிலேயே வாயால் செஸ் ஆடிய ஒரே மனிதர் எங்கள் ஏலம் அண்ணன்தான். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் காலையில் மீன் ஏலம் விடுவார். அதே தொண்டையோடு செஸ் போட்டிக்கும் வந்துவிடுவார். அவருக்குத் தெரிந்த ஒரே தொடக்கம் கிங்ஸ் கேம்பிட். இரண்டாவது நகர்த்தலிலேயே சொந்த ராஜாவின் காவல் சிப்பாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அடிக்கப் பாய்கிற ஆட்டம்.

"சிப்பாய் ஒரு தரம்! வாங்கிக்கோ!" என்பார். நடுவர் ஓடிவந்து அடக்குவதற்குள் குதிரையும் ஏலத்துக்கு வந்திருக்கும். ஒருமுறை வெளியே அனுப்பினார்கள். ஜன்னலில் தலையை நீட்டி, யாரோ ஒருவரின் ராணியை ஏலம் விட்டார்.

போன வருஷப் போட்டியில் எனக்கு எதிரே அவர். குரல் தேய்ந்து, வெறும் காற்றாக வந்தது. நடுவர் முறைத்தபடி வந்தார்.

"நாளான்னிக்கு கதிர்காமம் ஆஸ்பத்திரில ஆபரேசன் சார். தொண்டையில புத்து. கொரலையே எடுத்துடுவாங்களாம். இன்னிக்கி மட்டும் பேசிக்கறேனே."

நடுவர் கூடத்தின் மறுகோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

சிப்பாய் போனது. குதிரை போனது. "மந்திரி ஒரு தரம்..." என்று கரகரத்தபடி என் ராஜாவுக்கு செக் வைத்தார். வெட்டினால் எனக்கு ஜெயிக்க வழியுண்டு. ஒதுங்கினால் அவர் ஜெயிப்பார். ராஜாவைப் பிடித்த கை அங்கேயே நின்றது.

"இன்னாடா, பாவம் பாக்கறியா? வெட்டுடா. ஒழுங்கா ஆடு."

வெட்டினேன். அவருடைய ராணி என் ராஜாவைப் பலகை முழுக்க விரட்டியது. கடைசியில் அவரிடம் கொடுக்கக் காய் இல்லை. தோற்றார். கை கொடுத்தார்.

"குதிரைய குடுத்தப்ப பயந்தியா, இல்லியா?"

"பயந்துட்டேன்ண்ணே."

"அது போதும்."

அதுதான் அவர் குரலில் நான் கடைசியாகக் கேட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீராம்பட்டினத்தில் அவர் வீட்டுக்குப் போய் ஆடுகிறேன். கட்டி மறுபடி வந்துவிட்டது. இன்னொரு ஆபரேஷன் தாங்கமாட்டார் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் உதடு அசைவதைப் பார்த்து, அவர் மனைவி செல்விதான் எனக்குச் சொல்கிறார்.

"சீக்கிரம் ஆடச் சொல்றாருண்ணே. எவ்ளோ நேரம் யோசிப்பீங்கன்னு கேக்கறாரு."

யோசிக்க ஒன்றுமில்லை. அவர் எதிரே இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் போலிருந்தது.