பத்து நிமிடத்தில் வரும் மகளுக்கு

அன்பு மகளுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். என் முழங்கால்வலி எங்கள் இருவரையும்விடச் சுகம். உன் சுகமும் மாப்பிள்ளை சுகமும் அறிய ஆவல். போன் பண்ணினால், "பாலத்துல வந்துட்டிருக்கேம்ப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

எல்லாம் அந்தப் பாலத்தால் வந்த வினை. கம்பிவடத்தில் தொங்குகிற பாலம் வருகிறது, அக்கரையிலிருந்து மகள் பத்தே நிமிடத்தில் வந்துவிடுவாள் என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தவன் நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன். படகு இருந்த காலத்தில் வந்தால் இரண்டு நாள் தங்குவாய். ஈரத்துணியைக் கொடியில் போடுவாய், என்னோடு சண்டை போடுவாய், வீடு வீடாக இருக்கும். இப்போது ஹெல்மெட்டைக் கழற்றாமலே நலம் விசாரிக்கிறாய். டீ குடித்தால் உடனே கிளம்பிவிடுவாயே என்று அம்மா அடுப்பைச் சிம்மிலேயே வைக்கிறாள். நீயோ அது கொதிக்குமுன் கிளம்பிவிடுகிறாய். அந்த டீ என் தலையில் விழுகிறது.

போன வாரம் பொறுக்காமல் நானே பாலத்தில் நடந்து, உன் வீட்டு மொட்டைமாடி தெரிகிறதா என்று வடத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன், லாரி போனதில் பாலம் லேசாக ஆடியது, என் கண்ணும் கலங்கியது, அதற்குள் காவலாளி ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

"பெரியவரே, எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்."

"பேசத்தாம்ப்பா பாக்கறேன், அவ உக்காந்தாத்தானே" என்றேன்.

அவன் நம்பவில்லை. தன் அறையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, என் கதை முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் ஆட்டோ ஏற்றிவிட்டான். அத்தனை நேரம் நீ என்னிடம் பேசி ஒரு வருடமாகிறது. உன்னைப் பார்க்கவேண்டும்போல் இருக்கிறதம்மா. விஷயம் அவ்வளவுதான், மற்றதெல்லாம் சுற்றிவளைத்தது.

வேலைக்கும் வீட்டுக்குமாக ஓடுகிறவள் நீ, உன்மேல் குறையில்லை. பாலத்தில் மெதுவாக ஓட்டு. இருவரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
ஆறிய டீயுடன்,
அப்பா

பி.கு.: பாலத்தைத் திட்டியதெல்லாம் வாபஸ். அந்தக் காவலாளி இப்போது என் சிநேகிதன். வடங்களைச் சோதிக்க வெள்ளி இரவிலிருந்து திங்கள் காலைவரை பாலத்தை மூடுகிறார்களாம். படகுதான் எப்போதோ நின்றுவிட்டதே! வெள்ளி சாயங்காலம் ஒன்றும் தெரியாதவள்போல் வந்துவிடு. துணிமணி மட்டும் நிறைய எடுத்து வா. கொடி காலியாகத்தான் இருக்கிறது.