இனியாவின் கழுத்தும் அயோடின் நிர்ணயக் குழுவும்

சக்கரத்தைக் கண்டுபிடித்தபோது அதற்கென்று ஒரு குழு இருக்கவில்லை. அதனால்தான் இன்றுவரை வண்டிகள் குழியில் விழுகின்றன. அயோடின் விஷயத்திலாவது அந்தப் பிழை நேரக்கூடாது என்று, ஜலகண்டாபுரம் பக்கத்து விசைத்தறி முதலாளிகளின் அறக்கட்டளை ஒரு குழு அமைத்தது. குழந்தைகள் நன்றாக வளர எவ்வளவு அயோடின் தேவை என்று கண்டறிவது அதன் பணி. செயலாளர், அடியேன்.

அறக்கட்டளைப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் இனியாவின் கழுத்து வீங்கியதுதான் தொடக்கம். அயோடின் குறைவு என்றார் டாக்டர். இனியாவின் அம்மா குப்பாயி, குழுத் தலைவர் நவநீதகிருஷ்ணனின் துண்டுத் தறிப்பட்டறையில் வேலை செய்பவர். நேராக அவரிடமே வந்தார்.

"ஊட்டுல உப்ப மாத்திட்டனுங்க. புள்ளைங்க காலையும் மத்தியானமும் திங்கறது உங்க பள்ளிக்கூடத்துச் சோறு. அங்க இன்னும் மூட்டைக் கல்லுப்புதானுங்க. அயோடின் பாக்கெட்டா மாத்திருங்க மொதலாளி."

"பொறு குப்பாயி. ஆறு வயசு தாண்டுனா நாளுக்கு நூத்தியிருபது மைக்ரோகிராம்னு புத்தகத்துல போட்டிருக்கு. நம்மூரு புள்ளைங்களைக் கேட்டா எழுதுனாங்க? நாமளே கண்டுபிடிக்கோணும்."

"சரிங்க. அது வரைக்கும் உப்பு?"

"இப்ப மாத்துனா ஆராய்ச்சி கெட்டுப்போயிருமே."

இந்த 'விஞ்ஞான நேர்மை'யில் எனக்குப் புல்லரித்தது.

உண்ட அயோடின் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடும். ஆகவே ஒவ்வொரு குழந்தையும் வீட்டிலிருந்து ஒரு குப்பி 'மாதிரி' கொண்டுவரும்படி சுற்றறிக்கை போனது. ஆய்வக முடிவு வந்த அன்று குழுவே எழுந்து நின்றது. எல்லாக் குழந்தைகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. யாருக்கும் குறைவில்லை. இனியாவுக்கும்தான். நாடு தேடிய சமத்துவம் எங்கள் குப்பிகளில் கிடைத்துவிட்டதாகத் தலைவர் உரையாற்றினார். கல்லுப்பே தொடரத் தீர்மானமாயிற்று. பள்ளியிலேயே பாராட்டு விழா வைத்தோம்.

விழாவில் குப்பாயி எழுந்தார். "ஏனுங்க, அது அத்தனையும் மளிகைக்கடைக்காரர் பையன் கதிரோடதுங்க."

தலைவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"தெருவுல கொழுகொழுன்னு இருக்கறவன் அவன்தானுங்க. சொம்பு சொம்பா மோரு குடிக்க வெச்சு, எல்லா ஊட்டுக்காரங்களும் புடிச்சுக்கிட்டோம்."

"எதுக்கும்மா அப்படிப் பண்ணுனீங்க?"

"மாதிரி கேட்டீங்களே. கடைக்கு மாதிரித் துண்டு அனுப்பறப்ப, பழுதில்லாத பீஸாப் பாத்து அனுப்போணும்னு நீங்கதானுங்களே பட்டறையில திட்டுவீங்க?"

தலைவர் கலங்கவில்லை. "அப்ப கதிருக்குப் போதும்னு நிரூபணம் ஆயிருச்சு. மத்தவங்களுக்கு ரெண்டாம் கட்ட ஆய்வு."

"அது வரைக்கும் உப்பு?"

"அதே உப்புத்தான்."

குப்பாயி எங்கள் மேசையைப் பார்த்தார். தட்டுவடை செட், எலுமிச்சை ஜூஸ், பக்கத்தில் ஒரு பாக்கெட் அயோடின் உப்பு.

"இது உங்க ஊட்டு உப்புங்களா?"

"ஆமா. எங்க ஊட்டுல எப்பவும் இதுதான்."

"அதுக்கு எந்தக் குழுவுங்க கூடுச்சு?"

கேள்வி குழுவின் வரம்புக்குள் வராது என்று நான் குறித்துக்கொண்டு நிமிர்வதற்குள், குப்பாயி பாக்கெட்டோடு பள்ளிச் சமையற்கூடத்துக்குள் போய்விட்டார்.

ஆண்டறிக்கையில் எங்கள் சாதனைகளை விரிவாக எழுதியிருக்கிறேன். ஒன்று மட்டும் விடுபட்டுவிட்டது. குழு அமைந்த நாள் முதல் அந்தப் பள்ளிச் சோற்றில் சேர்ந்த அயோடின், எங்கள் மேசையிலிருந்து களவு போனது மட்டும்தான்.