குடைக்குள் பத்து நிமிஷம்

இலங்கை மலைநாட்டிலேயே மழைக்குக் குடை பிடிக்காத ஒரே மனுஷி எங்கள் குடை டீச்சர்தான். டயகமப் பக்கத்து மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மழையிலும் தலையில் ஒரு பொலித்தீன் பையை மாட்டிக்கொண்டு, குடையை மார்போடு அணைத்தபடி வருவார். குடை நனையக் கூடாதாம். அதை அவர் விரிப்பது பாடசாலைக்குள்ளேதான்.

எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒரே நீள மண்டபம். தடுப்புச் சுவர் கிடையாது. நான் மூன்றாம் வகுப்பு டீச்சர், பக்கத்திலே அவர் நான்காம் வகுப்பு. நான் வாய்ப்பாடு கேட்டால் அவருடைய பிள்ளைகள் பதில் சொல்லும். மண்டபத்தோடு ஒட்டிய ஆசிரியர் அறையிலும் அரிசி மூட்டை அடுக்கியிருந்தது. பாடம் முடிந்தால் சோறு பரிமாற வேண்டும், டெங்குத் துப்புரவு செய்ய வேண்டும், அதைப் படம் பிடித்து வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். நடுவிலே வாட்ஸ்அப்பில், "டீச்சர், எம்புள்ள சாப்பிட்டுச்சுங்களா?" அட, மனுஷர் மூச்சு விட வேண்டாமா!

அதனால்தான் இடைவேளை மணி அடித்ததும் மேசைமேல் அந்தப் பெரிய கறுப்புக் குடையை விரித்து வைத்து, பின்னால் ஒதுங்கிவிடுவார். வெளியே தெரிவது செருப்பு மட்டும். பத்து நிமிஷம் யார் கூப்பிட்டாலும் பதில் வராது.

பிள்ளைகளுக்கு இது ஒரே நாளில் புரிந்துவிட்டது. லயத்து வரிசை வீட்டில், ஒரே காம்பராவுக்குள் குடும்பமே நெருக்கியடித்துக் கிடக்கும்போது, புதுசாகக் கல்யாணம் முடித்தவர்களுக்குக் குறுக்கே ஒரு சேலையைக் கட்டிவிடுவார்கள். அப்புறம் அது சுவர்தான். செருமாமல் யாரும் தாண்ட மாட்டார்கள். புரியாமல் தவித்தது டவுனிலிருந்து வந்த அதிபர் மட்டுமே.

ஒருநாள் இடைவேளையில் வலயத்திலிருந்து பெரிய ஐயா திடுதிப்பென்று வந்து நின்றார். அதிபருக்கு வேர்த்துவிட்டது.

"மடக்குங்க டீச்சர்! நம்மளத் தூக்கி எங்கயாச்சும் மாத்திப் போட்டுருவாங்க டீச்சர்!"

குடை அசையவில்லை. 'இந்தப் பத்து நிமிஷமும் போச்சுன்னா வேலைய விட்டுருவேன் மிஸ்' என்று முந்தின வாரம்தான் என்னிடம் சொல்லியிருந்தார்.

ஐயா விறுவிறுவென்று போய்க் குடையில் கை வைக்கப் போனார். மகளைக் கூட்டிப்போக வந்திருந்த மாரியாயி அக்கா அலறினார்.

"ஐயோ ஐயா! செருமாமப் போறீங்களே, உள்ளுக்கு ஆளு இருக்காங்க!"

ஐயாவின் கை அந்தரத்தில் நின்றது. அவரும் ஏதோ ஒரு லயத்தில் பிறந்தவர்தானே. இரண்டடி பின்வாங்கி, வெட்கத்தோடு செருமினார்.

"இன்னும் மணி அடிக்கலீங்க சேர்," என்றது குடை.

"சரிங்க டீச்சர், இருக்கட்டும்."

சின்னப்பிள்ளைக் கதிரையில் முழங்கால் தாடையில் முட்ட உட்கார்ந்த ஐயா, கொஞ்ச நேரத்தில் தூங்கியே போனார். பாவம், அவருக்கு எத்தனை வாட்ஸ்அப் குழுவோ. அதற்குப் பிறகு அதிபர் குடையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அந்தத் தவணைக் கடைசியில் ஒருநாள் எனக்கு முடியவில்லை. காரணம் என்று ஒன்றுமில்லை, எல்லாமும்தான். இடைவேளையில் அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் மேசையில் கவிழ்ந்து அழுதேன். வெளிச்சம் குறைந்த மாதிரி இருந்தது. நிமிர்ந்தால், என் மேசையில் கறுப்புக் குடை. அந்தப் பக்கம் கொப்பிகளோடு மொய்த்த பிள்ளைகளிடம் குடை டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார்:

"மிஸ்ஸக் கூப்பிடாதீங்க. எதுன்னாலும் எங்கிட்ட வாங்க."

மணி அடித்தும் அவர் குடையை எடுக்கவில்லை. இரண்டு வகுப்புக்கும் அவரே படிப்பித்தார். அன்றைக்கு அவர் பக்கத்தில் இருந்ததால்தான் நான் இன்னும் டீச்சராக இருக்கிறேன்.