சாவி திருகும் படிவம்

நெருப்பு, சக்கரம், சுற்றறிக்கை ஆகிய மூன்றையும் கண்டுபிடித்த பிறகுதான் மனிதன் மனிதனானான். முதலிரண்டைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியவில்லை. மூன்றாவதை அதன் சிகரத்துக்குக் கொண்டுபோனவர் இயக்குநர் பார்த்தசாரதி என்பதில், அம்பத்தூர் ‘இருக்கை உறைத் தர வாரிய’த்தில் யாருக்கும் சந்தேகமில்லை. சந்தேகப்பட்டவர்களை ஏற்கனவே வேறு ஊருக்கு மாற்றியாகிவிட்டது.

தொண்ணூற்றெட்டில் வாரியத்துக்குப் புதுக் கார் வந்தது. மாங்காட்டு அம்மன் கோயிலில் பூசை போட்டார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற டிரைவர் ராயப்பன்தான் எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றினான். கம்பெனியிலிருந்து வந்த மெக்கானிக் உத்தமன், ஸ்டியரிங்குக்குக் கீழே ஒளிந்திருந்த ஒரு எலெக்ட்ரானிக் பெட்டியைக் காட்டி விளக்கினான்.

“சாவி எந்த நிலையில கீதுன்னு இந்தப் பொட்டிதான் பாக்கும் சார். முதல் நிலை ஆஃப். ரெண்டுல ரேடியோ மட்டும். மூணுல ஃபேன், லைட்டு எல்லாம். நாலுலதான் இன்ஜின் ஸ்டார்ட் ஆவும்.”

பார்த்தசாரதிக்கு மெய்சிலிர்த்தது. “கேட்டீங்களா லோகநாயகி? கேட்டதும் அள்ளிக் கொடுக்கல. படிப்படியாத்தான் கொடுக்குது. இதுக்குப் பேர்தான் நிர்வாகம்!”

கண்காணிப்பாளர் லோகநாயகி கேட்டதோடு நிற்காமல் குறிப்பும் எடுத்துக்கொண்டார். மறுநாளே சுற்றறிக்கை வந்தது. இனிமேல் சாவியை ஒவ்வொரு நிலைக்கும் திருக ‘முன் அனுமதி’ தேவை. ரேடியோவுக்கு வெள்ளைப் படிவம், ஃபேனுக்கு மஞ்சள். இன்ஜினுக்கு ரோஸ் படிவம், மூன்று கையெழுத்து. இயக்குநர் மட்டும் மூன்றாம் நிலைவரை தாமே திருகிக்கொள்ளலாம்.

அவரும் அந்த உரிமையை வீணாக்கவில்லை. கிரிக்கெட் நடக்கும் நாள்களில் காலை பதினொரு மணிக்கே காரில் ஏறி, ரேடியோவையும் ஃபேனையும் போட்டுக்கொண்டு வர்ணனை கேட்பார். இன்ஜினை மட்டும் போடமாட்டார். பெட்ரோல் மக்கள் சொத்தல்லவா!

மே மாதத்தில் அப்படி ஒரு நாள், மதியம் இரண்டு மணிக்கு, கேன்டீன் கன்னியம்மாளின் காலில் சாம்பார் அண்டா கவிழ்ந்தது. முழங்காலுக்குக் கீழே தோல் வழன்றுவிட்டது. ராயப்பன் காருக்கு ஓடினான்.

“சார், கன்னியம்மாக்கா காலு வெந்துபூட்ச்சி சார். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவணும், எறங்குங்க சார்.”

இயக்குநர் ஒரு விரலை உயர்த்தினார். ஓவரில் இன்னும் இரண்டு பந்து பாக்கியிருந்தது. அது முடிந்ததும் கனிவோடு திரும்பினார்.

“ரோஸ் படிவம் எங்கேப்பா?”

“வந்து குடுக்கறேன் சார். அந்தம்மா துடிச்சிகினு கீது.”

“நான் மூணாம் நிலையில இருக்கேன். நாலுக்குப் போக ஒரு முறை இருக்கில்ல?”

ராயப்பன் மாடிக்கு ஓடினான். லோகநாயகி படிவத்தைப் பார்த்தார். “காரணம்ங்கற கட்டம் காலியா இருக்கே.”

அவன் ‘சாம்பார்’ என்று எழுதினான்.

“சாம்பார்னா? கொட்டினது வாரியத்தோட சாம்பாரா, சொந்தச் சாம்பாரா?”

மூன்றாவது கையெழுத்துக்காரர் சாப்பிட்டுக் கை கழுவி, வெற்றிலை மடித்து, பேனா தேடினார். நாற்பது நிமிஷம் ஆனது. வராந்தாவில் காலில் தண்ணீர் ஊற்றியபடி கிடத்தியிருந்த கன்னியம்மாள், இறங்கி வந்த ராயப்பனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னா நைனா, கையெழுத்து ஆச்சா? எரியுதுடா... தாங்கல.”

ராயப்பன் கையை விடுவித்துக்கொண்டு காருக்கு ஓடினான். ரோஸ் படிவத்தை நீட்டி, இயக்குநரை இறக்கிவிட்டு, சாவியைத் திருகினான். ரேடியோ நின்றது. ஃபேன் நின்றது. இன்ஜின் ‘டிக்’ என்றது, அவ்வளவுதான். பேட்டரியை வர்ணனையும் காற்றும் குடித்துவிட்டிருந்தன.

தெருவில் போன மீன்பாடி வண்டியை மறித்து அவளைத் தூக்கிப் போட்டான். வண்டிக்காரர் மிதிக்க, இவன் பின்னாலிருந்து தள்ள, ஆஸ்பத்திரி போய்ச் சேர மணி நான்காகிவிட்டது. கன்னியம்மாள் இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தாள். அதற்குள் கேன்டீனுக்கு வேறு ஆள் வந்தாயிற்று. இப்போது காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறாள்.

வாரியம் சும்மா இருக்குமா? விசாரணை வைத்தது. உத்தமனை அழைத்தார்கள்.

“பொட்டி மேல தப்பே இல்ல சார். ஸ்டார்ட் பண்ணும்போது ரேடியோ, ஃபேனு எல்லாத்தையும் அதுவே கட் பண்ணி, கீற கரண்ட்டு மொத்தத்தையும் இன்ஜினுக்குத் தந்துரும். மூணு மணி நேரமா ஒக்காந்து காலி பண்ணா அது இன்னா சார் பண்ணும்?”

இயக்குநர் காதில் முதல் பாதிதான் விழுந்தது. “என்னைக் கேக்காம ரேடியோவை நிறுத்துச்சா?”

பெட்டிக்கு விளக்கம் கேட்டு மெமோ தயாரானது. ஸ்டியரிங்குக்குக் கீழே பசை தடவி முறைப்படி ஒட்டினார்கள். ஏழு நாள் கெடு. பெட்டி வாயே திறக்கவில்லை. ஆகவே அதை இயக்குபவரே பதில் தர வேண்டும் என்று விதியைப் புரட்டிக் கண்டுபிடித்தார்கள்.

லோகநாயகி தாளை நீட்டினார். “மன்னிக்கவும்னு ஒரு வரி எழுதிடுங்க ராயப்பன். அடுத்த மாசம் உங்க பர்மனென்ட் ஆர்டர் வருது. வம்பு எதுக்கு?”

எட்டு வருஷமாகக் காத்திருந்த ஆர்டர் அது. ராயப்பன் பேனாவை வாங்கி, நிதானமாக எழுதிக் கையெழுத்திட்டான்:

‘ஐயா, பெட்டி தன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறது. அவசரம் என்று தெரிந்ததும் யாரிடமும் கையெழுத்துக் கேட்காமல் வேலையைச் செய்துவிட்டது. இந்த வாரியத்தில் அதே குற்றத்தைச் செய்ய இன்னும் ஒருவர் இருந்திருந்தால், கன்னியம்மாள் இன்று நேராக நடந்திருப்பாள்.’