ஏழாம் நாள் வெந்நீர்

முடிவெடுக்கச் சொன்னால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். (மெய்யாகவே வந்திருக்கிறது. கல்யாணச் சட்டை எடுக்கப் போன அன்று, இரண்டு சட்டைகளைக் கையில் பிடித்தபடி கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.) அதனால் எங்கள் வீட்டில் எந்தச் சாமானையும் நான் மாற்றியது கிடையாது. அதுவாக உயிரை விடும்வரை ஸ்க்ரூ டிரைவரோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

அப்படி நான் காவல் காத்தவற்றில் ஒன்று குளியலறை ஹீட்டர். பாளையங்கோட்டையில் இயற்பியல் வாத்தியாராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. பதினேழு வருடத்தில் அடிப்பக்கம் துருப்பிடித்துச் சொட்ட ஆரம்பித்தது. நான் பசை வைத்தேன். பசைக்கு மேல் சைக்கிள் டியூபைச் சுற்றினேன். டியூபுக்கு மேல் கம்பியைக் கட்டினேன். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு என்னைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்.

"சார்வாள், உள்ள டேங்கு அரிச்சுப் போச்சு. இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்கு. மாத்திருங்க."

"நாளைக்குத்தானே?" என்றேன். அந்த நாளையை ஒன்றரை வருடம் இழுத்தேன்.

அப்போதுதான் என் மாமனார் களக்காட்டிலிருந்து வந்து இறங்கினார். வாழை போட்டிருப்பவர். நாலு மாதமாக அவருடைய வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. சட்டை மாட்டிவிடவும் ஆள் வேண்டும்.

"கையத் தூக்க முடியாதவன் வாழைக்கொலைய எங்கன வெட்ட? தோட்டத்தக் குத்தகைக்கு விட்டுட்டு மூலையில உக்கார வேண்டியதுதான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் மனைவி பகவதி அடுக்களைக்குள் போய் அழுதாள்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வைத்தியர். ஏழு நாள் எண்ணெய் போட்டுப் பார்ப்போம் என்றார். தினமும் காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்கே வந்து, தலையிலிருந்து இடுப்பு வரை எண்ணெயைத் தேய்த்து ஊறவிடுவார். போகும்போது என்னைப் பார்த்து ஒரே பாடம்.

"பத்து மணிக்குள்ள வெந்நி ஊத்திரணும். பொறுக்குத சூட்டுல நாலு வாளி. பச்சத் தண்ணிய ஊத்துனீரோ, நேரம் தப்புச்சோ, ஏழு நாள் எண்ணெயும் வீண். வீட்ல வெந்நிக்கு வசதி இருக்குல்லா?"

பகவதி வாயைத் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். "ஹீட்டர் இருக்கு. நான் பொறுப்பு." (அந்த வயதில் எனக்கு வாய் மட்டும்தான் நன்றாக வேலை செய்தது.)

காலாண்டு விடுமுறை. மாமாவை முக்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றுவதும் என் வேலை. முதல் நாள் ஹீட்டர் கர்கர் என்றது. மூன்றாம் நாள் உள்ளே யாரோ கல்லை உருட்டினார்கள். ஐந்தாம் நாள் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. "இரும்புச்சத்து, உடம்புக்கு நல்லது" என்றேன். தினமும் அது சுடும்வரை கதவுக்கு வெளியே, பரீட்சை முடிவு பார்க்கிறவனைப் போல நின்றுகொண்டிருப்பேன்.

ஆறாம் நாள் சாயங்காலம் பகவதிக்குப் பொறுமை போயிற்று. "இன்னும் ஒரு நாள்தான் இருக்கு. அப்பா கையோட வெளையாடாதிய. இப்பவே போயி புதுசு வாங்கிட்டு வாங்க."

போனேன். கடையில் பதினைந்து லிட்டர் ஒன்று, இருபத்தைந்து லிட்டர் ஒன்று, உருண்டை ஒன்று, சதுரம் ஒன்று. விற்கிற பையனிடம் வெப்பக் கடத்தலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். நெற்றி சுட ஆரம்பித்தது. கடைசியில் நான்கின் விளக்கத்தாள்களையும் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். பகவதி அவற்றை ஒரு பார்வை பார்த்தாள். நாலையும் மடித்துப் பழைய பேப்பர்க் கட்டில் செருகினாள். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

ஏழாம் நாள். வைத்தியர் எண்ணெய் தேய்த்துவிட்டுப் போனார். ஒன்பதரைக்கு ஸ்விட்சைப் போட்டேன். 'டப்' என்று ஒரே சத்தம். கருகிய வாடை. அடியிலிருந்து தண்ணீர் கொட்டியது. பசை, டியூப், கம்பி எல்லாம் அதோடு வந்தன. ஃபியூஸ் எரிந்து வீடு முழுக்கக் கரண்ட் போயிற்று.

"என்ன மாப்ள, சத்தம் கேக்கு?" முக்காலியில் எண்ணெய் வழிய, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார் மாமா.

"ஒண்ணுமில்ல மாமா, சூடாகுது."

பகவதி அடுப்பில் அண்டாவை ஏற்றிவிட்டாள். அது நாலு வாளிக்குச் சுட பத்தேகால் ஆகும் என்று இயற்பியல் சொன்னது. மணி ஒன்பது முப்பத்தைந்து. பகவதி கடிகாரத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. தோட்டம் குத்தகைக்குப் போனால் அது என் கணக்கில்தான் என்று தெரிந்தது.

தெருமுனை டீக்கடைக்கு ஓடினேன். பாய்லர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, அவசரமா வெந்நி வேணும். குளிக்க!"

"குளிக்கவா? என்ன வே, இது டீக்கடையா குளத்தங்கரையா?" என்றார் டீக்கடை அண்ணாச்சி. விஷயத்தைச் சொன்னதும் மனது இளகிப் பெரிய கேன் ஒன்றை எடுத்து நிரப்பினார். அதை பெஞ்சில் வைத்துவிட்டு, "சார்வாள், பாத்து எடும், பக்கத்துல இருக்கது..." என்று ஆரம்பித்தார். அவர் முடிக்கும்வரை நிற்க எனக்கு ஏது நேரம்? கைக்கு வந்த கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

குளியலறை பகலிலேயே இருட்டு. கேனின் குழாயைத் திறந்து வாளியில் பிடித்து, பொறுக்கிற சூட்டுக்கு விளாவி, மாமா தலையில் ஊற்றினேன். மணி ஒன்பது ஐம்பது. ஜெயித்துவிட்டேன். இரண்டாவது செம்பு. மூன்றாவது செம்பு.

"மாப்ள."

"சூடு போதுமா மாமா?"

"சூடு இருக்கட்டும். ஏலக்கா வாசம் அடிக்கே."

"எண்ணெயில போட்டிருப்பாரு மாமா."

நாலாவது செம்புக்கு உதட்டை நக்கிப் பார்த்தார். "இனிக்கவும் செய்யுதே."

அந்த நேரம் பகவதி செல்போன் வெளிச்சத்தோடு கதவைத் திறந்தாள். மாமா தலை முதல் கால் வரை பழுப்பாக இருந்தார். மீசையில் பாலாடை தொங்கியது. வாசலிலிருந்து அண்ணாச்சியின் குரல்.

"சார்வாள்! நிச்சயதார்த்த வீட்டு டீயத் தூக்கிட்டு வந்துட்டீரே! அங்கன மாப்பிள்ள வீட்டு ஆளுகளுக்கெல்லாம் உம்ம கேன் வெந்நிய ஊத்திக் குடுத்திட்டானுவ!"

மாமா மெதுவாக எழுந்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு சொல் கடிந்து பேசாதவர்.

"ஏலே!" என்றார்.

கையை ஓங்கினார். வலது கையை. அது தோளைத் தாண்டியது, காதைத் தாண்டியது, உச்சந்தலைக்கு மேலே போய் நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. திறந்து பார்த்தால், அவர் தன் கையைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி பகவதி, கையப் பாரு."

பகவதி அழுதுவிட்டாள். நானும்தான். என்ன நடக்கிறது என்றே தெரியாத அண்ணாச்சி, "சீனி கொஞ்சம் தூக்கலாப் போட்ட டீ, பாத்துக்கிடுங்க" என்றார்.

அண்டா வெந்நீரில் மாமாவைக் கழுவி எடுத்தோம். இரண்டு நாள் எறும்பு அவரைச் சுற்றியே வந்தது. கை எழுந்ததற்கு எண்ணெய்தான் காரணம் என்றார் வைத்தியர். டீ என்றார் அண்ணாச்சி. ஆத்திரம் என்றாள் பகவதி. அன்று மத்தியானமே அவள் தனியாகக் கடைக்குப் போய், பத்தே நிமிடத்தில் புது ஹீட்டரோடு திரும்பினாள்.

களக்காட்டுத் தோட்டத்தில் இன்றும் மாமாதான் குலை வெட்டுகிறார். நாங்கள் போனால் முதலில் டீ வரும். பந்தி நிறைய ஆள் இருந்தாலும் சரி, புதுச் சம்பந்திகள் இருந்தாலும் சரி, மாமா தம்ளரை வலது கையில் எடுத்து, நேராகத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, என்னைப் பார்த்துக் கேட்பார்.

"மாப்ள, குடிக்கட்டா, ஊத்தட்டா?"

வீடே சிரிக்கும். நான் மட்டும் அந்தக் கை எவ்வளவு உயரம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.