குளியலறையில் ஒளிர்ந்த என் கன்னம்

பெருமதிப்பிற்குரிய சித்தி அவர்களுக்கு,

இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். குளியலறைத் தாழ்ப்பாள் மட்டும் நலமில்லை. காரணம் கீழே வருகிறது.

போன மாதம் தாங்கள் போட்ட நிபந்தனை நினைவிருக்கும். "சாயமே போடாம, உயிருள்ள செல் தன்னோட சொந்த வெளிச்சத்துல மின்னுற மாதிரி ஒரு படம் எடுத்துக் காட்டு. ஒரு நாள் முழுக்க லேப்ல என் பக்கத்துல உக்காரலாம்" என்றீர்கள். சித்தி, எடுத்துட்டேன்! இத்தோட அனுப்பியிருக்கேன்! நாற்காலியைத் துடைச்சு வைங்க!

வீட்லயே நல்ல இருட்டு குளியலறைதான், அதனால மத்தியானம் மைக்ராஸ்கோப்போட உள்ள போயி, ஸ்லைடு கண்ணாடியைத் துண்டால துடைச்சு, கன்னத்தோட உள்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால வழிச்சு அது மேல தடவி, யூடியூப் அண்ணன் சொன்னபடி ஊதா டார்ச் அடிச்சு, லென்ஸுக்கு மேல மஞ்சள் ஃபைல் கவரை வெட்டி வெச்சேன், டார்ச் வெளிச்சத்தை அது தடுத்துட்டு செல்லோட வெளிச்சத்தை மட்டும் விடுமாம். படம் எடுக்க மேல வெச்ச போன் அரை நிமிஷம் அசையக் கூடாது. அப்பதான் அப்பா கதவை இடிச்சார்.

"உள்ள என்னடி பண்ற?"

"ஒளிர்றேன்ப்பா!"

"சீக்கிரம் ஒளிர்ந்துட்டு வா, எனக்கு அவசரம்!"

இடிச்ச இடியில தாழ்ப்பாள் கழண்டுச்சு, படம் ரெட்டை ரெட்டையா வந்துச்சு, அப்பா பக்கத்து வீட்டுக்கு ஓடினார். அப்புறம் ஒரே அமைதி, மறுபடி எடுத்தேன். சொட்டுற குழாய் கூட நின்ன மாதிரி இருந்துச்சு. அப்பதான் பாத்தேன் சித்தி. கும்மிருட்டுல நிலா வெள்ளையில ஒரு ஆறு, வளைஞ்சு வளைஞ்சு, இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லாம எனக்குள்ளயே ஓடிட்டிருந்த மாதிரி. ஓரத்துல மங்கலா நாலஞ்சு அழுக்கு, அதை மட்டும் வெட்டிட்டு 'நான், உள்ளிருந்து'ன்னு குரூப்ல போட்டேன். எண்ணூறு ஹார்ட்!

சித்தப்பாவுக்கு என் வணக்கம். தங்கள் லென்ஸில் ஒருநாளும் தூசி படியாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
நாற்காலிக்குக் காத்திருக்கும் அக்கா மகள்

பி.கு.: முதல் படத்தைத் திறக்காதீங்க. இப்பதான் அம்மா வந்து, "என் துண்டு ஏன்டி தரையில கிடக்கு?"ன்னு தூக்கினாங்க, ஊதா டார்ச் வெளிச்சம் அது மேல பட்டுச்சு. அதே நிலா வெள்ளை. துண்டு முழுக்க. "பளிச்சுன்னு தெரிய சோப்புத்தூள்ல எதையோ கலப்பாங்கடி"ன்னு சாதாரணமா சொல்லிட்டுப் போயிட்டாங்க. எண்ணூறு ஹார்ட்டும் துண்டு நூலுக்கு! அழுதுட்டே வெட்டாத படத்தைத் திறந்தேன். அந்த அழுக்கு இருக்கே, மங்கலான பச்சை, ஒவ்வொண்ணு நடுவுலயும் ஒரு கறுப்புப் பொட்டு. அழுக்குக்கு ஏது சித்தி பொட்டு? நடுவுல உட்கரு செல்லுக்குத்தானே இருக்கும்! அதைத்தான் ரெண்டாவதா அனுப்பியிருக்கேன். பாத்தா ஒண்ணுமே தெரியாது. லைட்டை அணைச்சுட்டு கொஞ்ச நேரம் பொறுத்துப் பாருங்க. தெரிஞ்சா நாற்காலி கூட வேணாம், நின்னுக்கிறேன்.