புலவர் படத்துக்கு நான் வைத்த பொட்டு

இதை எழுத நான் பல வருஷம் தயங்கினேன். நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதற்குக் கீழே ஒரு வரி எழுதுவேன், அடுப்பில் ஏதோ தீயும் வாசனை வரும், மூடி வைத்துவிடுவேன். (உண்மையில் எதுவும் தீயாது. எனக்குத் தைரியம் வராது, அவ்வளவுதான்.) நான் எட்டாவது வரைதான் படித்தவள். ஆனால் தயக்கம் அதனால் இல்லை. ஒரு நல்ல மனுஷர் மின்சார ரயிலில் வந்துகொண்டிருக்கும்போதே, இங்கே ஊர் கூடி அவருக்கு அஞ்சலி செலுத்தும்படி செய்தவள் நான். தினமும் காலையில் விளக்கேற்றி முருகனைக் கும்பிடுகிற இதே கைதான் அந்த வேலையைச் செய்தது.

எண்பதுகளின் கடைசி. மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டுப் பக்கம் வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த காலம். எங்கள் தெருக்கோடியில் இரண்டு அறை ஓட்டு வீடு ஒன்றில் கிளை நூலகம் இருந்தது. ஒரு அறையில் புத்தகங்கள். இன்னொன்றில் பேப்பர் படிப்பவர்களும், பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குபவர்களும்.

யாரையும் கேட்காமல் நான் போகக்கூடிய இடங்கள் அப்போது இரண்டுதான். ஒன்று கோயில், இன்னொன்று லைப்ரரி. கோயிலில் உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து உட்காருகிறவர்கள் வீட்டுக் கதையைக் கேட்பார்கள். லைப்ரரியில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதனால் தினமும் மத்தியானம் அங்கே இருப்பேன்.

நூலகர் தேவசகாயம் சார் சாதுவான மனிதர். பெரியவர்களுக்காக வாசகர் வட்டம் என்று ஒன்று ஆரம்பித்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடத்துவார். புத்தகம் பற்றி யாராவது பேசுவார்கள், நாங்கள் கேட்போம், டீ குடிப்போம். நாங்கள் என்றால் ஆறு பேர். அதில் இரண்டு பேர் டீ வரும் நேரத்துக்குத்தான் வருவார்கள்.

அந்த வருஷம் புரட்டாசியில் சாருக்கு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. ஆட்கள் வராத கிளைகளை மூடப்போகிறார்களாம். அடுத்த கூட்டத்துக்கு அதிகாரி நேரில் வருவார். கூட்டம் இருந்தால் நூலகம் இருக்கும். இல்லையென்றால் புத்தகமெல்லாம் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் உள்ள நூலகத்துக்குப் போய்விடும். நான் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் போகவேண்டுமென்றால் எங்கள் வீட்டில் ஒரு மாநாடே நடக்கும். அன்றைக்கு ராத்திரி நான் சரியாகச் சாப்பிடவில்லை.

கூட்டம் சேர்க்க சார் ஒருவரைப் பிடித்தார். பல்லாவரத்தில் இருந்த புலவர். பெயர் வேண்டாம், புலவர் என்றே வைத்துக்கொள்வோம். கடவுள் இல்லை என்று பேசுகிறவர். பேச ஆரம்பித்தால் சாமி கும்பிடுகிறவர்கள்கூட எழுந்து போகமாட்டார்கள், அவ்வளவு வாய். புதிதாக அவர் எழுதிய புத்தகத்தில் இருபது பிரதியையும், அட்டையில் ஒட்டிய தன்னுடைய பெரிய போட்டோ ஒன்றையும் முன்கூட்டியே அனுப்பிவைத்தார். படத்தை மேடையில் மாட்டவேண்டுமாம். (சாமி படம் மாட்டாதே என்று எழுதுகிறவர்தான்.)

நூலகத்து ஓடு ஒழுகியதால் சார் அந்தப் புத்தகக் கட்டையும் படத்தையும் என்னிடம் கொடுத்தார்.

"கனகாம்மா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் உங்க வீட்ல பத்திரமா இருக்கட்டும். மேடை அலங்காரமும் நீங்கதான்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் சரஸ்வதி பூஜை.

நம் வீடுகளில் அன்றைக்கு எது தப்பிக்கும்? என் வீட்டுக்காரருடைய சைக்கிள், ஸ்பானர், தையல் மெஷின், அரிவாள்மணை, ரேடியோ, பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸ் என்று வரிசையாக எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து வந்தேன். பலகையில் பிள்ளைகளின் புத்தகங்களை அடுக்கியபோது, புலவரின் புத்தகங்கள் மட்டும் மூலையில் அநாதை மாதிரி கிடந்தன. மனசு கேட்கவில்லை. இருபதையும் எடுத்து அடுக்கி, ஒவ்வொரு அட்டைக்கும் பொட்டு வைத்தேன்.

"ஏண்டி, அது லைப்ரரி சமாசாரம், உனக்கெதுக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"சரஸ்வதிக்கு நம்ம புக்கு, ஊரான் புக்குன்னு இருக்கா? நீங்க மணி அடிங்க" என்றேன்.

அதோடு நின்றிருக்கலாம். படத்திலிருந்து புலவர் என்னையே பார்த்தார். இத்தனை புத்தகம் எழுதியவர், அவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் நாக்கில் சரஸ்வதி இல்லாமலா? அவர் நெற்றியிலும் நன்றாகக் குழைத்து ஒரு பொட்டு வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அந்தப் புத்தகம் முழுக்க முழுக்க, கண்ட பொருளுக்கும் பொட்டு வைக்கிறவர்களைத் திட்டி எழுதியது. ஒரு பக்கம் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் பூஜை முடியும்வரை யாராவது தொடுவார்களா?

மறுநாள் ஈரத்துணியோடு உட்கார்ந்தேன். புத்தக அட்டைகளில் மஞ்சளாக ஒரு வட்டம் மட்டும் நின்றது. பரவாயில்லை. படத்தைத் துடைத்தபோதுதான் வினை தெரிந்தது. அதற்குக் கண்ணாடியே இல்லை. குங்குமம் அட்டையில் ஊறிவிட்டது. துடைக்கத் துடைக்க நெற்றி முழுக்க ரோஸ் கலர் பரவி, புலவர் கீழே விழுந்து மண்டையில் அடிபட்டவர் மாதிரி ஆகிவிட்டார். பயந்துபோய், அந்தக் கறையை மறைக்க அதன் மேலேயே மறுபடி ஒரு பெரிய பொட்டாக வைத்தேன். இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அப்போது அது எனக்குப் புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

சாரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதல் ஆளாக நூலகத்துக்குப் போய், சுவரில் படத்தை மாட்டினேன். பொட்டு பளிச்சென்று தெரிந்தது. அதை மறைக்க என்ன செய்வது? பூஜைக்கு வாங்கியதில் மீதமிருந்த சாமந்தி மாலையை நெற்றியை மறைக்கிற மாதிரி படத்துக்குப் போட்டேன். கீழே குத்துவிளக்கை வைத்து ஐந்து முகமும் ஏற்றினேன். ஓடு ஒழுகிய நாற்றம் போக ஒரு கட்டு ஊதுபத்தியும் கொளுத்தினேன். மாலை சரிந்து பொட்டுக்குக் கீழே வந்துவிட்டதையோ, ஜன்னல் காற்றில் விளக்கின் நாலு முகம் அணைந்து ஒன்று மட்டும் எரிந்ததையோ நான் பார்க்கவில்லை. பின்னறையில் டீக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டேன். சார் புலவரை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போயிருந்தார்.

படத்துக்குப் பொட்டு, மாலை, ஒற்றைச் சுடர், ஊதுபத்தி. நம் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் அன்றைக்குத் தெரியவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ரோஸ் கறை ஒன்றுதான்.

ரோட்டில் போன யாரோ ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்கள். அரைமணி நேரத்தில் செய்தி முடிச்சூர் வரை போய்விட்டது. ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆறு பேர் வந்த இடத்தில் அறுபது பேர், அதற்கு மேலும். பின்னறைக் கதவு வழியாகப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. முருகா, நூலகம் பிழைத்தது என்று நினைத்தேன். ஒருவரும் பேசவில்லை, சிரிக்கவில்லை. அமைதி காக்கவும் என்ற போர்டுக்கு அன்றுதான் முதல்முறையாக மரியாதை கிடைத்தது. எங்கள் தெரு ரிக்‌ஷா மணி ஒரு பெரிய ரோஜா மாலையோடு வந்து நின்றான். புலவரை வரவேற்கத்தான் என்று நினைத்து, அவனுக்கு மட்டும் ஒரு டீ அதிகம் வைத்தேன்.

சரியாக நாலு மணிக்கு அதிகாரி ஜீப்பில் வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், செருப்பை வாசலிலேயே கழற்றினார். அவருக்கு வேறு எங்கோ போகவேண்டிய அவசரம். யாரையும் கேட்காமல் முன்னால் வந்து நின்றார்.

"மறைந்த புலவர் அவர்களுக்கு எல்லோரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம்."

டீத் தட்டோடு வந்த நான் அப்படியே நின்றேன். அப்போதுதான் மேலே பார்த்தேன். நான் செய்து வைத்தது மொத்தமும் அப்போதுதான் என் கண்ணுக்கே தெரிந்தது. சொல்லிவிடவேண்டும் என்று வாய் துடித்தது. ஆனால் மௌன அஞ்சலியில் எப்படிப் பேசுவது? அறுபது பேர் தலைகுனிந்து நிற்கிறார்கள். நான் தட்டோடு முருகா முருகா என்று நின்றேன். கையிலிருந்த பன்னிரண்டு டம்ளர் டீயும் ஆடை கட்டியது.

வாசலில் நிழல் தட்டியது. தேவசகாயம் சார் குடையோடு நின்றார். அவருக்குப் பின்னால் வேட்டி, கறுப்புத் துண்டு, தோல் பை. புலவர்.

எல்லோரும் எழுந்து நிற்பதைப் பார்த்ததும், பண்பாடு தெரிந்தவரல்லவா, பையைக் கீழே வைத்துவிட்டு அவரும் தலைகுனிந்து நின்றார். யார் போனார்களோ என்று முகத்தில் உண்மையான வருத்தம். மெல்லத் தலையைத் தூக்கிப் படத்தைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவை பார்த்தார்.

முதலில் அவரைக் கண்டது ரிக்‌ஷா மணிதான்.

"இன்னா தலீவரே, நீ கீறியா?" என்றான். ஏமாற்றம் மாதிரியே இருந்தது குரல். "நான் மாலையெல்லாம் வாங்கினு வந்துட்டேனே."

கூட்டத்தில் இரண்டு பெண்கள் "ஐயோ" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அதிகாரியின் முகம் என்னுடைய குங்குமக் கறை நிறத்துக்கு வந்தது. தேவசகாயம் சார் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் என்னைப் பார்த்த பார்வையைத் தாங்காமல், தட்டைக் கீழே வைத்துவிட்டு நானே முன்னால் போனேன். பூஜை, பொட்டு, ஈரத்துணி எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

புலவர் பொறுமையாகக் கேட்டார். "பொட்டு வைத்தீர்கள், சரி. மாலை எதற்கு அம்மையாரே?"

"பொட்ட மறைக்கத்தான் ஐயா."

அவர் நின்ற நிலையைப் பார்த்து, இப்படியே திரும்பிப் போய்விடுவார், அதிகாரியும் போய்விடுவார், நாளைக்கே லாரி வந்து புத்தகத்தை ஏற்றிவிடும் என்று நினைத்தேன். "என்னை என்ன வேணா சொல்லுங்க ஐயா, கூட்டத்தை மட்டும் விட்டுட்டுப் போயிடாதீங்க. இந்த லைப்ரரிய மூடிடுவாங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது.

புலவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். ஜன்னலில் தொற்றிக்கொண்டு நின்றவர்களையும் பார்த்தார்.

"நான் உயிரோடு பேசின எந்தக் கூட்டத்துக்கும் இவ்வளவு பேர் வந்ததில்லை" என்றார். "உட்காருங்கள். செத்ததுதான் செத்தோம், பேசிவிட்டுப் போகிறேன்."

ஒன்றரை மணி நேரம் பேசினார். சைக்கிளுக்குப் பொட்டு வைத்தால் பஞ்சர் ஆகாதா என்று கேட்டார். உதாரணம் தேவைப்பட்டபோதெல்லாம் என்னைக் காட்டினார். பதினேழு தடவை. (எண்ணியது என் வீட்டுக்காரர். கடைசி வரிசையில் உட்கார்ந்து, மானம் போகிறதே என்று இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.) மணி தன் மாலையை வீணாக்காமல் புலவர் கழுத்திலேயே போட்டான். ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

கடைசியில் இருபது புத்தகமும் விற்றுப்போயின. அதில்தான் புலவருக்கு உண்மையான அடி. பெண்கள் மஞ்சள் வட்டம் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சாமிகிட்ட வைத்த புத்தகமாம். புலவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி போகும்போது சாரைத் தனியாகக் கூப்பிட்டு, மௌன அஞ்சலி பற்றி எங்கும் எழுதவேண்டாம் என்றாராம். தானும் கூட்டம் அமோகம் என்று மட்டும் எழுதினாராம். நூலகம் அங்கேயே இருந்தது. நான் இன்றைக்கு இதை எழுதுகிற தமிழ் அங்கே படித்த தமிழ்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் புலவரிடமிருந்து எனக்கு ஒரு கார்டு வரும். "நலம். இன்னும் இருக்கிறேன்" என்று ஒரே வரி. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் கார்டு வரவில்லை.

நூலகத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அவர் வீட்டிலிருந்து அதே படம் வந்தது, அதே ரோஸ் நெற்றியோடு. எத்தனை சொல்லியும் புலவர் தன் வீட்டில் வேறு படம் மாட்டவிடவில்லையாம், இந்தப் படத்துக்குத்தான் கூட்டம் வந்தது என்பாராம், அவர் மகள் சொன்னாள். அவர் விருப்பப்படி பொட்டும் இல்லை, மாலையும் இல்லை. மௌன அஞ்சலிக்கு எழுந்து நின்றோம். ஒருவரும் தலைகுனியவில்லை. எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றோம். நானும்தான். இரண்டு நிமிடம் முடிந்தது. அவர் வரவில்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்தால், "மூச்சு இருக்கான்னு பாத்துட்டு வை" என்பார் வீட்டுக்காரர். பிள்ளைகள் தங்கள் போட்டோக்களை எடுத்து ஒளித்துவைப்பார்கள். வெளியிலும் இந்தக் கதை கண்டபடி வளர்ந்துவிட்டது. நான் வாசலில் சங்கு ஊத ஏற்பாடு செய்ததாகக்கூட ஊரப்பாக்கத்தில் ஒரு அம்மா என்னிடமே சொன்னாள். அதனால்தான் துணிந்து எழுதினேன். படிக்கிறவர்கள் தாராளமாக நாலு பேருக்குச் சொல்லுங்கள், சிரியுங்கள். கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள், அது போதும். முக்கியமாக ஒன்றை விட்டுவிடாதீர்கள். நான் ஏற்றியது ஐந்து முகம். நாலை அணைத்தது காற்று.